சிலம்பாற்றுத் தீர்த்தமும் நம் ஊர்க் கிணறும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



இவ்வாண்டு மலருக்குத் தீர்த்த மகிமையைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பாடசாலையில் அத்யயனம் செய்த காலத்திலிருந்து நெஞ்சில் நிற்கும் சாஸ்த்ர வசனங்களைத் தொகுத்துக் கொடுத்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். எழுத உட்கார்ந்தபோது அந்த வசனங்களுக்கு முன்னதாக ஒரு காட்டுச் சுனையும், அதன் கரையில் கண்ட ஒரு மூதாட்டியும், அதற்கும் முன்னதாக அடியேன் செய்த ஒரு பிழையும் நினைவுக்கு வந்து நின்றன. அவற்றை மறைத்துவிட்டுத் தீர்த்த மகிமை பேசுவது முறையாகாது. ஆகையால் நடந்ததை நடந்தபடியே விண்ணப்பிக்கிறேன்.

நீர் சூழ்ந்த மலையும் நாமும்

தாம்பரம், பல்லாவரம் பகுதியில் வாழும் நமக்குத் தீர்த்தத்தின் பெருமையைச் சொல்லப் பெரிய ப்ரமாணங்கள் தேவையில்லை. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றாகிய திருநீர்மலை நம் அருகிலேயே நிற்கிறது. வடமொழியில் அதற்குத் தோயாத்ரி என்று பெயர். தோயம் என்றால் நீர். அத்ரி என்றால் மலை. அடிவாரத்தில் நீர்வண்ணனாக நின்றும், மலைமேல் நரஸிம்ஹனாக இருந்தும், அரங்கநாதனாகக் கிடந்தும், உலகளந்தவனாக நடந்தும் எம்பெருமான் நான்கு திருக்கோலங்களில் அங்கே ஸேவை ஸாதிக்கிறான். திருமங்கை மன்னன் ஸேவிக்க எழுந்தருளிய காலத்தில் மலையைச் சுற்றிலும் நீர் அரணாகச் சூழ்ந்திருந்ததாம். ஆழ்வார் திரும்பிப் போகவில்லை. ஆறு மாத காலம் எதிரே தங்கிக் காத்திருந்து, நீர் வடிந்த பிறகு மலையேறி மங்களாசாஸனம் செய்தார் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆழ்வார் நீர் வடியக் காத்திருந்த இந்தப் பகுதியில், நாம் நீர் வடியவும் காத்திருந்தோம். நீர் வரவும் காத்திருந்தோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீதிகளில் படகுகள் ஓடின. பல குடும்பங்கள் மாடிகளில் இரவைக் கழித்தன. நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், 2019-ஆம் ஆண்டு கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய முழுவதுமாக வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் ஏற்றிய தண்ணீர் சென்னைக்கு வந்து சேர்ந்தது. ஐம்பது தொட்டி வண்டிகளில் இருபத்தைந்து லக்ஷம் லிட்டர். அதை மக்கள் கூடி நின்று, உத்ஸவ மூர்த்தி எழுந்தருளுவதைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்கள்.

அந்த ஆனி மாதத்தில்தான் அடியேனுடைய பிழை நேர்ந்தது.

ஒரு குடம் தண்ணீர்

அடியேன் கைங்கர்யம் செய்யும் ஸந்நிதியில் ஒரு பழைய கிணறு உண்டு. மற்றக் காலங்களில் கை எட்டும் ஆழத்தில் நீர் நிற்கும். அந்தக் கோடையில் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிய பின்னரும், இந்தக் கிணற்றின் அடியில் ஊற்றுக்கண் சிறிது கசிந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் ஊறினால் காலையில் ஏழெட்டுக் குடம் தேறும். பெரியாழ்வார் திருநக்ஷத்ரமாகிய ஆனி ஸ்வாதி நெருங்கிக்கொண்டிருந்தது. திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் குறைந்துவிடுமோ என்ற கவலையில், கிணற்றின் மேல் இரும்பு வலையை மூடிப் பூட்டுப் போட்டு, சாவியை மடியில் முடிந்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை, பின் தெருவில் குடியிருந்த ஓர் அம்மாள் இரண்டு ப்ளாஸ்டிக் குடங்களோடு மதில் வாசலில் வந்து நின்றார். "சாமி, நேத்தும் லாரி வரலை. ஒரு குடம் மட்டும் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். அடியேன், "இது பெருமாள் திருமஞ்சனத்துக்காக வைத்திருக்கிற தீர்த்தம் அம்மா. இதிலிருந்து கொடுப்பதற்கில்லை" என்றேன். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் அடியேன் அதை அன்றைக்கே மறந்திருப்பேன். "பெருமாளுக்குத்தானே சாமி, பரவாயில்லை" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெறுங்குடங்களை இடுப்பில் இடுக்கியபடி போய்விட்டார்.

ஆசாரப்படி நடந்தோம் என்றே அன்று நினைத்தேன். ஆராதனத்துக்கு வைத்ததை வேறொன்றுக்கு விநியோகிக்கலாகாது என்பது அடியேன் கற்ற விதி. அவ்வாண்டு திருமஞ்சனம் குறைவின்றி நடந்தது. ஆனால் அந்த அம்மாள் மறுபடி ஸந்நிதிக்கு வரவில்லை. சில மாதங்களில் அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு வேறெங்கோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

சோலைமலை யாத்திரை

2023-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நம் பகுதி அடியார்கள் சிலரோடு பாண்டி நாட்டுத் திருப்பதிகளை ஸேவிக்கப் புறப்பட்டோம். தாம்பரத்தில் இரவு ரயில் ஏறி, விடியலில் மதுரையில் இறங்கி, அங்கிருந்து வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலுக்குச் சென்றோம். ஆழ்வார்கள் திருமாலிருஞ்சோலை என்று கொண்டாடிய மலை அது. பெரியாழ்வார், ஆண்டாள், நம்மாழ்வார், திருமங்கையாழ்வார் முதலானோர் மங்களாசாஸனம் செய்த திருத்தலம். கூரத்தாழ்வான் கண் பார்வை இழந்து, சோழ நாட்டை விட்டு வந்து தங்கி, ஸுந்தரபாஹு ஸ்தவத்தை அருளிச்செய்ததும் அங்கேதான். ஆண்டாள் அழகருக்கு நேர்ந்துகொண்ட நூறு தடா வெண்ணெயையும் நூறு தடா அக்காரவடிசிலையும் எம்பெருமானார் தாமே ஸமர்ப்பித்துத் தலைக்கட்டிய வரலாறு நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

அழகரை ஸேவித்துவிட்டு மலைமேல் உள்ள தீர்த்தத்துக்குப் போனோம். மலைப்பாதையில் பழமுதிர்சோலை முருகன் கோயிலைக் கடந்து மேலே சென்றால் சுனை வருகிறது. அதற்குச் சிலம்பாறு என்றும் நூபுர கங்கை என்றும் பெயர். நூபுரம் என்றால் காற்சிலம்பு. மஹாபலியின் யாகசாலையில் மூவடி மண் கேட்டு வளர்ந்த த்ரிவிக்ரமனுடைய திருவடி ஸத்யலோகத்தை எட்டியபோது, நான்முகன் தன் கமண்டல நீரால் அதை விளக்கினான். அந்நீரில் ஒரு பகுதி எம்பெருமானுடைய திருச்சிலம்பில் பட்டுத் தெறித்து இம்மலையில் விழுந்து ஆறாயிற்று என்பது தல வரலாறு. திருநீர்மலையின் மேல் நடந்த திருக்கோலத்தில் ஸேவை ஸாதிக்கும் உலகளந்தவனும் இவனே. நம் ஊர் மலைமேல் ஸேவித்த திருவடியின் தீர்த்தத்தை அங்கே குடிக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு படியேறினேன்.

இம்மலையின் தீர்த்தப் பெருமை மிகப் பழைமையானது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் செல்லும் வழியைச் சொல்லும் காடுகாண் காதையில், திருமால் குன்றத்துப் பொய்கைகள் மூன்று பெயர் சொல்லிப் பேசப்படுகின்றன. அழகர் உத்ஸவருக்கு இந்த நூபுர கங்கை நீரால் மட்டுமே திருமஞ்சனம். வேறு நீரால் செய்தால் திருமேனி கறுத்துவிடும் என்பது அவ்வூர்ப் பெரியோர்களின் நம்பிக்கை. ஐப்பசி மாதத்தில் தைலக்காப்பு உத்ஸவத்தின்போது அழகர் தாமே மலையேறி இந்தத் தீர்த்தக் கரைக்கு எழுந்தருளுகிறார். கோயில் ப்ரஸாதமாகிய அழகர்கோயில் தோசைக்கும் இந்த நீரே. தீர்த்தக் கரையில் இராக்காயி அம்மன் காவல் தெய்வமாக இருக்கிறாள்.

மாசி மாதம் மலையில் மழை பெய்யும் காலமன்று. கீழே சாலையோரத்துப் புல் காய்ந்து கிடந்தது. மேலேயோ மரங்கள் அடர்ந்து, குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தன. அந்த நிழலுக்குள் நீர் ஓசையோடு விழுந்துகொண்டிருந்தது. மழையில்லாத மாதத்தில் இந்நீர் எங்கிருந்து வருகிறது என்று உடன் வந்த ஒரு சிறுவன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலையில் பெய்யும் மழை ஒரேயடியாக ஓடிவிடுவதில்லை. இலைகள் தடுத்து, உதிர்ந்த சருகு தாங்கி, வேர்கள் வழிகாட்டி அதை மண்ணுக்குள் இறக்குகின்றன. மண்ணைக் கடந்த நீர் பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து மெல்ல மெல்ல நகர்ந்து, தாழ்ந்த இடத்தில் வெளிப்படுகிறது. மேலிருக்கும் காட்டை வெட்டிவிட்டால் மழை பெய்த அன்று வெள்ளமும், மறு மாதம் வறட்சியுமே மிஞ்சும். இருஞ்சோலை என்று ஆழ்வார்கள் மலையின் பெயரிலேயே சோலையையும் சேர்த்துப் பாடினார்கள். அந்தச் சோலைதான் அழகருடைய திருமஞ்சனக் குடத்தை நிறைத்துக்கொண்டிருக்கிறது.

மூதாட்டி சொன்னது

தீர்த்தம் விழும் இடத்தில் கூட்டம் இருந்தது. அடியேன் சொம்பை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி, பேரன் கையைப் பிடித்தபடி, ஒரு ப்ளாஸ்டிக் கேனோடு நின்றிருந்தார். அவர் முறை வந்ததும், திரும்பி அடியேனுடைய திருமண்காப்பைப் பார்த்துவிட்டு விலகி, "சாமி, நீங்க மொதல்ல பிடிச்சுக்கங்க" என்றார்.

"இல்லை பாட்டி, நீங்கள்தானே முன்னால் வந்தீர்கள். நீங்கள் பிடியுங்கள்" என்றேன்.

"இதுல என்ன சாமி முன்னால பின்னால? அழகரு குளிக்கிறதும் இந்தத் தண்ணிதான், நாங்க குடிக்கிறதும் இந்தத் தண்ணிதான். அதுபாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்லி, அடியேன் கையிலிருந்த சொம்பைத் தாமே வாங்கி நிரப்பிக் கொடுத்தார்.

நிறைந்த சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அடியேன் சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்ன பிறகே நகர்ந்தேன். அந்தத் தீர்த்தத்தை உடனே வாயில் விட்டுக்கொள்ள மனம் வரவில்லை. அழகருக்கே உரியது என்று உலகமெல்லாம் சொல்லும் தீர்த்தத்தை ஒரு பாட்டி அடியேனுக்கு முதலில் கொடுத்தார். எம்பெருமானுக்கு உரியது என்று அடியேன் பூட்டி வைத்த நீரில் ஒரு குடத்தைக் கூட மற்றொருவருக்குக் கொடுக்கவில்லை.

கரையில் நின்றவரைக் காணாதவர்

அந்தச் சுனைக்கே உரிய வேறொரு வரலாறு அப்போது நினைவுக்கு வந்தது. ஸுதபஸ் என்னும் முனிவர் இந்த நூபுர கங்கையில் நீராடிக்கொண்டிருந்தார். அப்போது துர்வாஸ மஹரிஷி கரையில் வந்து நின்றார். முனிவர் தம் அனுஷ்டானத்திலேயே ஆழ்ந்திருந்தபடியால் வந்தவரைக் கவனிக்கவில்லை, எழுந்து உபசரிக்கவில்லை. "மண்டூகமாகக் கடவாய்" என்று துர்வாஸர் சபித்தார். தவளையாகிய முனிவருக்கு வைகைக் கரையில் சாப விமோசனம் அளிப்பதற்காகவே சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மதுரைக்கு எழுந்தருளுகிறார் என்பது வரலாறு. லக்ஷக்கணக்கான மக்கள் கூடும் அந்தத் திருவிழாவை நாம் கொண்டாடுகிறோம். அதற்குக் காரணமான குற்றம் எது என்பதை நினைப்பதில்லை.

முனிவர் சோம்பியிருக்கவில்லை; தகாததைச் செய்யவுமில்லை. ஸ்நானமும் தவமும் செய்துகொண்டிருந்தார். தீர்த்தத்தின் உள்ளே நின்றவர் கரையில் நின்றவரைப் பார்க்கவில்லை என்பதே குற்றம். துர்வாஸரைக் காணாததற்கே அத்தனை பெரிய சாபம் என்றால், தாகத்தோடு வந்தவரைக் கண்டும் அனுப்பிவிட்ட அடியேனுக்கு என்ன சொல்வது?

மஹாபலியின் யாகசாலையிலும் இதுவே நடந்தது. வாமனன் கையில் பலி தாரை வார்க்கப் புகுந்தபோது, ஆசார்யராகிய சுக்ரர் வண்டு வடிவெடுத்துக் கெண்டியின் மூக்கை அடைத்துக்கொண்டார். சிஷ்யனுடைய செல்வத்தைக் காப்பதாகவே அவர் நினைத்தார். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. எம்பெருமான் தர்ப்பையால் குத்த, ஒரு கண்ணை இழந்தார். அந்த நீர் தடைபட்டே நின்றிருந்தால் தானம் நிறைவேறியிராது, திருவடி வளர்ந்திராது, சிலம்பாறும் பிறந்திராது. பெருமாளுக்கு மிக அருகில் இருப்பவர்களே சில வேளைகளில் நீரை அடைத்துவிடுகிறோம். சாவியை மடியில் முடிந்து வைத்திருந்த நாட்களில் அடியேனும் அந்த வண்டாகவே இருந்தேன்.

சாலைக்கிணறு காட்டிய வழி

அப்படியானால் திருமஞ்சன தீர்த்தத்தைத் தனியாக வைக்க வேண்டாமா, சுத்தம் வேண்டாமா என்று ஆசார சீலர்கள் கேட்கக்கூடும். அடியேனும் ஊர் திரும்பும் வரையில் அதையே சிந்தித்துக்கொண்டு வந்தேன். விடை நமக்கு அருகிலுள்ள காஞ்சிபுரத்தில் கிடைத்தது.

எம்பெருமானார் இளம் பருவத்தில் யாதவப்ரகாசரிடம் வாசித்துக்கொண்டிருந்தபோது, காசி யாத்திரை வழியில் தம் உயிருக்கு ஆபத்து என்று அறிந்து விந்த்யக் காட்டில் தனித்து விடப்பட்டார். ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்தார்கள். விடியும் வேளையில் வேடுவச்சி தாகம் என்று சொல்ல, இளையாழ்வார் அருகிலிருந்த கிணற்றில் இறங்கிக் கைகளால் நீர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று முறை கொடுத்தும் தாகம் தீரவில்லை. நான்காம் முறை கொண்டுவந்தபோது இருவரையும் காணவில்லை. எதிரே தெரிந்தது காஞ்சியின் புண்யகோடி விமானம். வேடர்களாக வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவியாருமே என்று உணர்ந்தார். பின்னர் திருக்கச்சி நம்பிகளின் நியமனப்படி அதே சாலைக்கிணற்றிலிருந்து தினமும் ஒரு குடம் தீர்த்தம் கொண்டுவந்து வரதனுக்கு ஸமர்ப்பிக்கும் கைங்கர்யத்தை மேற்கொண்டார்.

இந்த வரலாற்றைப் பலமுறை உபந்யாஸங்களில் சொல்லியிருக்கிறேன். அதன் வரிசையை மட்டும் அடியேன் கவனித்ததில்லை. முதலில் தாகத்தோடு நின்ற வேடுவச்சிக்கு நீர். அதன் பிறகு அதே கிணற்றிலிருந்து வரதனுக்குத் தீர்த்தம். காட்டில் யாரென்று தெரியாத ஒருத்திக்குக் கொடுத்த நீரால் அந்தக் கிணறு தீட்டுப்படவில்லை. திருமஞ்சனத்துக்குத் தகுந்ததாக எம்பெருமானே அதை ஏற்றுக்கொண்டான். தனியாக வைக்க வேண்டியது திருமஞ்சனக் குடம். அதைத் துலக்கி, வஸ்த்ரத்தால் வடிகட்டி, ஏலமும் பச்சைக் கற்பூரமும் சேர்த்துப் பரிசுத்தமாக ஸமர்ப்பிப்பது நம் கடமை. குடத்துக்கு உரிய நியமத்தை ஊற்றுக்கண்ணின் மேல் ஏற்றுவதற்கு நமக்கு அதிகாரமில்லை. ஊற்றை வெட்டியவன் வேண்டுமானால் மனிதனாக இருக்கலாம். அதில் நீரை ஊறச் செய்கிறவன் நாராயணன். நாரம் என்னும் நீரை இருப்பிடமாகக் கொண்டவன் என்பதும் அத்திருநாமத்துக்குப் பெரியோர் சொல்லும் பொருள்.

ஐந்து பிடி மண்

ஊர் திரும்பியதும் ஸந்நிதியின் பெரியவர்களிடம் நடந்ததைச் சொல்லிப் பிழை பொறுக்க வேண்டினேன். சிலர், ஆசாரம் தளர்ந்துவிடும் என்று தயங்கினார்கள். சாலைக்கிணற்றின் வரலாற்றைச் சொன்ன பிறகு இசைந்தார்கள். கிணற்றைத் தூர் வாரினோம். பாதிக்கு மேல் சேறும், உடைந்த அகல்களும், ப்ளாஸ்டிக் பைகளும் வெளியே வந்தன. மண்டபத்துக் கூரையில் விழும் மழைநீரைக் குழாய் வழியாகக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழிக்குள் இறக்கினோம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் 2003-ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் குழாய் அந்நாளில் பெயருக்குப் பொருத்தப்பட்டு, அடைபட்டுக் கிடந்தது. மதிலின் வெளிப்புறத்தில் தெருவைப் பார்த்தபடி ஒரு குழாய் வைத்தோம். நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில், காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று சொன்னார்கள். வீடுகள் நெருங்கிய இடத்தில் மலைச் சுனையின் தூய்மையை எதிர்பார்ப்பதற்கில்லை. அதையும் ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். கிணற்றின் பூட்டு இப்போது இல்லை. குழந்தைகள் விழாமலிருக்க வலை மட்டும் இருக்கிறது. கடந்த கோடைகளில் திருமஞ்சனம் ஒரு நாளும் தடைபடவில்லை.

யாஜ்ஞவல்க்ய ஸ்ம்ருதியில் ஒரு விதி உண்டு. பிறருடைய நீர்நிலையில் நீராடுகிறவன் முதலில் ஐந்து பிடி மண்ணை அதிலிருந்து எடுத்துக் கரையில் போட்ட பிறகே நீராட வேண்டும். பாடசாலையில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது இது ஏதோ ஒரு ப்ராயச்சித்தம் என்று எண்ணியிருந்தேன். கிணற்றைத் தூர் வாரிய நாளில்தான் பொருள் விளங்கிற்று. நீராட வருகிற ஒவ்வொருவரும் ஐந்து பிடி சேற்றை எடுத்தால் எந்தக் குளமும் தூர்ந்து போகாது. நீரைப் பயன்படுத்துகிறவனே அதைக் காக்கவும் வேண்டும் என்று நம் முன்னோர் விதித்தார்கள். எச்சிலையும் மலஜலாதிகளையும் நீரில் விடலாகாது என்று மனுவும் விதித்திருக்கிறார். ஸந்த்யாவந்தனத்தில் ப்ரோக்ஷணம் செய்துகொள்ளும்போது நாம் சொல்லும் ஆபோ ஹி ஷ்டா மந்த்ரம் நீரை அன்புள்ள தாய்மார்களுக்கு ஒப்பிடுகிறது. காலையில் தாய் என்று சொல்லிவிட்டு மாலையில் அதே நீரில் குப்பையைக் கொட்டுவது எந்த அனுஷ்டானத்தில் சேர்ந்தது?

நம்மைச் சுற்றிச் சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கங்கரணை, திருநீர்மலை என்று ஏரியில்லாத ஊரைக் காண்பது அரிது. நமக்கு மலைச்சோலை இல்லை. நம் முன்னோர் வெட்டிய அந்த ஏரிகளே, மழையைத் தாங்கி மண்ணுக்குள் இறக்கி, நம் கிணறுகளின் ஊற்றுக்கண்களுக்கு உயிர் கொடுத்துவந்தன. ஏரியை மேடாக்கினோம், 2015-இல் நீர் வீட்டுக்குள் வந்தது. வந்த நீரைக் கடலுக்கு அனுப்பினோம். 2019-இல் ரயிலை எதிர்பார்த்து நின்றோம். காட்டைக் காத்த திருமாலிருஞ்சோலையில் மாசி மாதத்திலும் தீர்த்தம் விழுந்துகொண்டிருக்கிறது.

விண்ணப்பம்

அடியார்களே! உத்ஸவ நாட்களில் ஸந்நிதியில் தீர்த்தம் ஸாதிக்கும்போது வலக்கையைக் குவித்து ஒரு துளியும் சிந்தாமல் வாங்கிக்கொள்கிறீர்கள். அந்த ஜாக்ரதை ஸந்நிதி வாசலைத் தாண்டியும் இருக்கட்டும். தண்ணீர்ப் பந்தலில் குடித்த குவளையைக் குளக்கரையில் எறிய வேண்டாம். திருநீர்மலைக்கோ திருமாலிருஞ்சோலைக்கோ செல்லும்போது தீர்த்தத்தில் சோப்பையும் பழைய வஸ்த்ரத்தையும் விட்டு வர வேண்டாம். கண்ணில் படும் குப்பையில் ஐந்து பிடியையாவது எடுத்துக் கரை சேர்த்துவிட்டு நீராடுங்கள். வீட்டிலே மழைநீர்க் குழாய் அடைபட்டிருந்தால் ஐப்பசி பிறப்பதற்கு முன் திறந்து வையுங்கள். வாசலில் யாரேனும் தண்ணீர் கேட்டு நின்றால், வந்தவர் யாரென்று ஆராயாமல் முதலில் கொடுங்கள். காஞ்சியில் வேடுவச்சியாக வந்து கேட்டவள் பெருந்தேவித் தாயாராக இருந்தாள்.

இரண்டு குடங்களோடு வந்து ஒரு குடம் கேட்ட அந்த அம்மாளை அடியேன் அதன் பிறகு காணவில்லை. இந்த மலர் எப்படியேனும் அவர் கைக்கு எட்டுமானால், அடியேனுடைய பிழையைப் பொறுத்து ஒரு முறை ஸந்நிதிக்கு வர வேண்டும் என்று இதன் வாயிலாகப் ப்ரார்த்திக்கிறேன். மதிலோரக் குழாய் திறந்தே இருக்கிறது.

உலகளந்த திருவடியின் சிலம்பிலிருந்து இழிந்த அத்தீர்த்தம் மலையில் வற்றாமல் ஓடவும், நம் ஊர் ஏரிகளும் கிணறுகளும் நிறையவும், நீர்வண்ணனும் அழகரும் நம்மெல்லோரையும் கடாக்ஷித்தருளப் ப்ரார்த்தித்து இந்த விண்ணப்பத்தைத் தலைக்கட்டுகிறேன்.

ஸர்வே ஜநா: ஸுகிநோ பவந்து. சுபம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்